ஏன் அண்ணா அதைக் கழற்றினீர்கள்?

பாசமும் கோபமும் சரிபாதியாக, என் அண்ணாவுக்கு,

மாசி பிறந்துவிட்டது. மரை வேட்டைக்காலம் முடிந்து துவக்குகள் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டன. நீங்கள் இருந்திருந்தால் சனிக்கிழமை விடிய முன்னமே என்னை உலுப்பி எழுப்பியிருப்பீர்கள். "எழும்படா. சுடாத மாசத்திலை போய்ப் பாக்கிறவன்தான் சுடுற மாசத்திலை கறி தின்னுவான்" என்று சொல்லிச் சொல்லியே என் லீவு நாட்களை எல்லாம் பனிக்குள் புதைத்த மனிதர் நீங்கள்.

ஜெர்மன்காரர் அந்த மிருகத்துக்கு ரோட்ஹிர்ஷ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதன்முதலாகக் கண்ட அன்றே, "இது எங்கட மரையடா. குளிருக்கு மொத்தச் சட்டை போட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றீர்கள். வன்னிக் காட்டில் பார்த்த மரையும் இதுவும் வேறு வேறு என்று புத்தகத்தில் இருக்கிறதாம். இருக்கட்டும். நமக்கு அது மரைதான்.

பழைய வேட்டைக்காடு நமக்கு இனி இல்லை. நீங்கள் போன பிறகு, பிரண்டன்பேர்க்கில் அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரியவர் என் கையைப் பிடித்து அனுதாபம் சொன்னார். பிடித்த கையை விடுவதற்கு முன்பே, இனித் தமிழ் ஆட்கள் வரவேண்டாம் என்றும் சொன்னார். நம் பெடியள் ஹார்ஸ் மலைப்பக்கம் புதுக்காடு ஒன்று குத்தகைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு, பனி இருக்கும்போதே ஒருத்தர் போய்த் தடம் பார்த்து வரவேண்டும் என்றார்கள். நான் போகிறேன் என்றேன். எல்லோருக்கும் ஆச்சரியம். நீங்கள் போன நாளிலிருந்து நான் காட்டுப்பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

நான் போனது மரைக்காக இல்லை அண்ணா. தேவன் அண்ணைக்காக.

வருகிற செவ்வாய்க்கிழமை வழக்கு. உங்களைச் சுட்ட தேவன் அண்ணை குற்றவாளிக் கதிரையில் இருப்பார். செத்தவரின் தம்பி என்ற முறையில் நானும் எழும்பிப் பேசலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். என்ன பேசுவது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதரை உள்ளே தள்ளவேண்டும், எவ்வளவு காலம் தள்ளமுடியுமோ அவ்வளவு காலம்.

என்ன நடந்தது என்பது போலீசுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். நாயும் ஆளும் விட்டுப் பன்றி கலைக்கிற வேட்டை. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பரண். வேட்டை முடிந்ததென்று கொம்பு ஊதும்வரைக்கும் பரணை விட்டு இறங்கக் கூடாது, ஒரேஞ்ச் அங்கியைக் கழற்றக் கூடாது. இரண்டு சட்டம், அதிலும் இரண்டாவதை என்னிடம் நூறு தரம் சொன்னவர் நீங்கள். நான் தொப்பியை மறந்துவிட்டு வந்தால் காரை விட்டு இறங்கவிடமாட்டீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் நடு வேட்டையில் பரணை விட்டு இறங்கி, அங்கியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மண்நிறச் சட்டையோடு பற்றைக்குள் குனிந்து ஓடியிருக்கிறீர்கள். தேவன் அண்ணை பற்றைக்கு மேலால் ஒரு கறுத்த முதுகு போவதைக் கண்டார். பன்றி என்று நினைத்தார். சுட்டார்.

குண்டு கழுத்தடியால் போய் மற்றப் பக்கத்தால் வந்தது. பன்றிக்கென்று செய்த குண்டு, மனிதக் கழுத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்டியை மூடித்தான் வைத்தார்கள். அண்ணி திறக்கச் சொல்லிப் பெட்டியில் நகத்தால் விறாண்டியது இன்னும் என் காதில் கேட்கிறது.

நான் அன்று வேட்டைக்கு வரவில்லை, கடையில் வேலை. அதனால் எனக்குள் கேள்வி மட்டும்தான் மிஞ்சியது. ஏன் இறங்கினீர்கள்? ஏன் கழற்றினீர்கள்?

இந்தக் கேள்விக்குத் தேவன் அண்ணையின் வழக்கறிஞர் ஒரு பதில் வைத்திருந்தார். போருக்குள் இருந்து வந்த மனிதர், மனம் உடைந்தவர், சுடுகிற இடத்துக்குள் தெரிந்துகொண்டே போயிருக்கலாம் என்று. சாக விரும்பியிருக்கலாம் என்று. அதை அண்ணி நம் வழக்கறிஞரின் அலுவலகத்தில் இருந்து காதால் கேட்டார். வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துகொண்டு என்னைக் கேட்டார்: "நான் அவருக்கு என்ன குறை வைச்சனான் தம்பி?"

அன்றோடு உங்கள் படத்துக்கு விளக்கு வைப்பதை நிறுத்திவிட்டார். படத்தைச் சுவரில் இருந்து எடுக்கவில்லை, ஆனால் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பிள்ளை அப்பாவைப் பற்றி ஏதாவது கேட்டால் எழும்பிக் குசினி அடுப்படிக்குப் போய்விடுவார். உங்களை ஒரு குண்டு கொன்றது அண்ணா, அந்த ஒரு பேச்சு அண்ணியை ஒவ்வொரு நாளும் கொன்றது.

தேவன் அண்ணைக்கு நான் செய்தது உங்களுக்குத் தெரியாது. பேர்லின் சுடலை மண்டபத்தில், கிரியை நடந்துகொண்டிருக்கும்போது, அவர் பின்வரிசையில் வந்து நின்றார். முன்னுக்கு உங்கள் கிரியைக்கான சுண்ணம் இடிக்கிறார்கள். உரலும் உலக்கையும் என் கைக்கு எட்டுகிற தூரம். இடித்துக்கொண்டு நின்றவரிடம் உலக்கையைப் பறித்துக்கொண்டு ஓடினேன். முதல் அடி தோளில் விழுந்தது, எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது அடியைத் தலைக்கு ஓங்கினேன். நாலு பேர் என்னை மடக்கிப் பிடித்திருக்காவிட்டால் அன்றே இரண்டு பிணம் எரிந்திருக்கும். மண்டபத்து ஜெர்மன்காரப் பெண் இதுவும் நம் சடங்கில் ஒன்று என்று நினைத்தாளோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயரோ சுண்ணப்பாட்டை நிறுத்தவேயில்லை.

தேவன் அண்ணை போலீசுக்குப் போகவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான்.

உங்களுக்கு அந்த மனிதர் எப்படி என்று தெரியும். எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, கோப்பை கழுவி, பிறகு சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை போட்டு, நம் ஆட்களில் முதல் ஆளாக வேட்டைப் பரீட்சை எழுதி, வன்னியின் கடைசிச் சண்டையில் தப்பிவந்த உங்களுக்கு அந்த ஜெர்மன் சொற்களை எல்லாம் பாடமாக்கித் தந்தவர். உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். அதனால்தான் என் கோபம் இரட்டிப்பாக இருந்தது. யாரோ ஒரு ஜெர்மன்காரன் சுட்டிருந்தால் விதி என்று விட்டிருப்பேனோ? தெரியவில்லை.

போன கிழமை அவருக்கு டெலிபோன் எடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் பேசாதவன் பேசுகிறேன்.

"அண்ணை, ஹார்ஸிலை புதுக்காடு ஒண்டு இருக்கு. தடம் பாக்க வாறியளோ?"

"என்ரை லைசென்ஸைப் பறிச்சுப் போட்டாங்கள் தம்பி."

"துவக்கு இல்லாத மாசம்தானே. நடக்கிறதுக்கு லைசென்ஸ் வேண்டாம்."

"ஓம்" என்றார். "வாறன்."

கேட்பது என்று முடிவெடுத்துத்தான் கூட்டிப்போனேன் அண்ணா. நீங்கள் பரணை விட்டு இறங்கியதற்கு அவர்தான் காரணம், கூப்பிட்டிருப்பார், ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்று என் மனம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. வழக்குக்கு முதல் அதை அவர் வாயால் கேட்கவேண்டும். கேட்பது என்றால் வாயால் மட்டும் இல்லை. இடுப்பில் உங்கள் கத்தி இருந்தது, விழுந்த மரையின் கழுத்தை அறுக்கிற கத்தி.

ஹார்ஸை நீங்கள் பார்த்திருந்தால் அழுதிருப்பீர்கள். வண்டரித்த ஊசியிலை மரங்கள் மலை மலையாகச் செத்து நிற்கின்றன. ஷெல் விழுந்த தென்னந்தோப்பு மாதிரி, தலையில்லாமல். நடுவில் உயிரோடு தப்பின அடர்த்தியான குட்டிக்காடுகள். கால் முட்டுக்குப் பனி. வெட்டுவேலை நடக்கிற காடு என்றபடியால் நான் ஒரேஞ்ச் தொப்பி போட்டிருந்தேன். தேவன் அண்ணை இரண்டு கைகளாலும் கடையில் பொரித்த ரோல்ஸ் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஒன்றும் வாங்கிச் சாப்பிடவில்லை.

என்னதான் கோபம் என்றாலும் கண் பழகின வேலையைப் பார்த்துக்கொண்டே வந்தது. வெயில் விழுகிற சரிவில் நீள்வட்டமாகப் பனி உருகின படுக்கைகள் இருந்தன, நல்ல கூட்டம் ஒன்று இரவில் படுத்து எழும்பியிருக்கிறது. இளமரங்களில் இடுப்புயரத்துக்குப் பட்டை உரித்திருந்தது, பல் பட்ட இடம் இன்னும் ஈரம். ஓடைக்கு இறங்குகிற பாதையில் அகலக் குளம்புத்தடம் ஒன்று, கிழட்டு ஆண். நீங்கள் காற்றுப் பார்க்கத் திருநீற்றைத் தூவுவீர்கள், பக்கத்தில் நிற்கிற ஜெர்மன்காரர் சிரிப்பார்கள். என்னிடம் திருநீறு இல்லை. விரலை நக்கித்தான் பார்த்தேன். காற்று நம் முகத்துக்குத்தான் வந்தது. அந்தக் குட்டிக்காட்டுக்குள் மரைக்கூட்டம் கிடக்கிறது என்று அதன் மணமே சொன்னது. குளிர்காலத்தில் அதன் படுக்கைக்குக் கிட்டப் போகக் கூடாது, தூர நின்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும் என்ற உங்கள் சட்டமும் நினைவு வந்தது.

ஓடையைத் தாண்டினவுடன் இரத்தம். ஓநாய்கள் ஒரு பெட்டை மரையை விழுத்தியிருந்தன. ஓடினது, விழுந்தது, எழும்பினது, திரும்ப விழுந்தது என்று எல்லாமே பனியில் கிடந்தது. பின்தொடைகளைக் கிழித்து, வயிற்றைத் திறந்து, குடலை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டிருந்தன. உள்ளே குட்டி இருந்திருக்கிறது. அதில் பாதிதான் மிச்சம். தாய் மரையின் கண் ஒன்று திறந்தபடி எங்களைப் பார்த்தது.

தேவன் அண்ணை அதற்கு முன்னால் குந்திவிட்டார். தோள் குலுங்கியது, நான் உடைத்த அந்தத் தோள். "ஓடினால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியுது தம்பி" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் இருந்தது அறுந்துவிட்டது. சப்பாத்துக் காலால் முகத்தில் உதைத்தேன். மல்லாக்க விழுந்தார். மேலே ஏறி இருந்துகொண்டு குத்தினேன். மூக்கு என் முட்டிக்குக் கீழே நசிந்தது, சூடாக இரத்தம் என் கைக்கு மேல் வந்தது. இன்னும் குத்தினேன். இன்பமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு கத்தியை எடுத்து அவர் தொண்டையில் வைத்தேன்.

"சொல்லடா. என்ரை அண்ணாவை ஏன் கூப்பிட்டனி? ஏன் இறங்கப் பண்ணினனி?"

வாழ்க்கையில் முதன்முதலாக அவரை நீ என்றேன்.

அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. பல்லெல்லாம் சிவப்பு. "குத்தடா" என்றார். "ஒரு வருசமா நித்திரை இல்லை. குத்து."

கத்தி தோலுக்குள் கொஞ்சம் போய்விட்டது. ஒரு கோடு சிவந்து வழியத் தொடங்கியது. நான் நிறுத்தியிருப்பேன் என்று உங்களுக்குச் சத்தியம் பண்ண என்னால் ஏலாது.

அந்த நேரம் மேலே சரிவில் செத்த மரம் ஒன்று முறிந்தது. படீர். அதன் பின்னால் இன்னொன்று, படீர். குட்டிக்காட்டுக்குள் இருந்து மரைக்கூட்டம் பனியை வாரி இறைத்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்தால் பாய்ந்தது. அது ஓடின சத்தம் அடங்கினபோது, தலைக்கு மேலே வேறொரு சத்தம் வந்தது. சன்னமாக, விடாமல், ஓரிடத்தில் நின்று இரைகிற சத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை அண்ணா. உடம்பு செய்தது.

எனக்கு நினைவு திரும்பியபோது ஓடைப் பள்ளத்துக்குள், வேரோடு சாய்ந்த மரம் ஒன்றின் கீழ் குப்புறக் கிடந்தேன். கத்தி கையில் இல்லை. இரண்டு கையும் பிடரிக்கு மேல் பின்னிக் கிடந்தன. பனி வாய்க்குள் நிரம்பியிருந்தது, ஏனென்றால் வாய் ஆவென்று திறந்திருந்தது. நெஞ்சுக்குக் கீழே ஏதோ முட்டியது. எடுத்துப் பார்த்தேன். என் ஒரேஞ்ச் தொப்பி. அதைக் கழற்றினது எனக்குத் தெரியாது. சுருட்டி நெஞ்சுக்குக் கீழ் ஒளித்து வைத்தது தெரியாது. இருபது மீற்றர் ஓடிவந்தேனா, முப்பது மீற்றரா, அதுவும் தெரியாது.

தேவன் அண்ணை மூக்கில் பனியை வைத்து அமத்திக்கொண்டு தவண்டு வந்தார். எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்திருக்கிறார். தன்னைக் கொல்லவந்தவன் சாகப்போகிறானே என்ற பதற்றம் அந்த மனிதருக்கு. என் கையில் இருந்த தொப்பியைக் கண்டார். என் வாயைக் கண்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"இப்பிடித்தான்" என்றார். "இப்பிடித்தானடா கிடந்தவர். பள்ளத்துக்கை. ஒரேஞ்ச் வெஸ்ற்றை உருட்டி நெஞ்சுக்குக் கீழை வைச்சுக்கொண்டு. வாயும் திறந்தபடி. நான் நினைச்சன், என்னைப் பாத்துக் கத்த வெளிக்கிட்டவர் எண்டு."

வாயில் இருந்த பனியைத் துப்பினேன். "அண்டைக்கு மேலை இந்தச் சத்தம் கேட்டதோ அண்ணை?"

"எந்தச் சத்தம்?"

"இந்தா, இந்தச் சத்தம்."

அண்ணாந்து பார்த்தார். "ட்ரோனோ? ஓம், விட்டவங்கள். பன்றி எந்தப் பற்றைக்கை படுத்திருக்கு எண்டு பாக்கிறதுக்கு. எங்கட வேட்டையிலை அண்டைக்குத்தான் முதல்முறை."

"ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"போலீசிட்டைச் சொன்னனான், எழுதினவங்கள். அதிலை என்ன இருக்கு?" பிறகு முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "உன்னட்டைச் சொல்ல நீ வாய் திறக்க விட்டனியே? உலக்கையாலை எல்லோ கதைச்சனி!"

அவருக்குத் தெரியாது அண்ணா. எப்படித் தெரியும்? ஷெல் என்றால் என்னவென்று தெரிய முன்னமே அவர் கோப்பை கழுவ வந்துவிட்டார். அவருக்கு அது ட்ரோன். நமக்கு அது வண்டு.

பனிக்குள் இருந்தபடியே அவருக்குச் சொன்னேன். கடைசிச் சண்டையில் முதலில் வண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, இரையும். அது பார்த்துவிட்டுப் போன இடத்துக்குத்தான் பிறகு ஷெல் வரும். வெடிச்சத்தம் மட்டும் கேட்டால் பயம் இல்லை, அது வேறெங்கோ. வண்டு மட்டும் கேட்டாலும் நேரம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் நம் முறை. பளிச்சென்ற நிறம் உடம்பில் இருக்கக் கூடாது, வெளியில் நிற்கக் கூடாது, குனிந்து பள்ளத்துக்குள் ஓடவேண்டும், காது வெடிக்காமல் இருக்க வாயைத் திறந்து வைத்துக்கொண்டு குப்புறப் படுக்கவேண்டும். இதை எனக்குப் பழக்கினவர் நீங்கள்.

நினைவிருக்கிறதா? நிவாரணத்தில் கிடைத்த மஞ்சள் சேர்ட் ஒன்றை ஆசையாகப் போட்டுக்கொண்டு தண்ணீர் எடுக்க நின்றேன். வண்டு இரைந்தது. நீங்கள் எங்கிருந்தோ ஓடிவந்து, கன்னத்தில் ஓங்கி அறைந்து, அந்தச் சேர்ட்டை என் மேலிலேயே கிழித்து, சேற்றில் மிதித்தீர்கள். பொத்தான்கள் தெறித்துப் போயின. கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பங்கர்க் குழிக்குள் தள்ளி எனக்கு மேல் விழுந்தீர்கள். தண்ணீர் வரிசையில் ஷெல் விழுந்தது. வாளியோடு நின்ற ஆட்கள் துண்டு துண்டாக நம் பங்கருக்கு மேல் வந்து விழுந்த சத்தம், ஈரமான சத்தம், அதை நாம் இருவரும் பிறகு ஒருநாளும் பேசவில்லை. அந்தச் சேர்ட்டுக்காக நான் உங்களோடு சில நாள் கோபமாகவும் இருந்தேன், விசர்ப்பெடியன்.

ஜெர்மன் காட்டில் அந்தச் சட்டம் நேர் எதிர். இங்கே தெரிகிறவன்தான் தப்புவான், ஒளிகிறவன் சாவான். இதை நீங்கள் பரீட்சைக்குப் படித்தீர்கள், என்னையும் படிக்க வைத்தீர்கள். ஆனால் வண்டு இரைந்தபோது படித்தது ஓடிவிட்டது, பட்டதுதான் நின்றது.

நான் சொல்லி முடித்தபோது தேவன் அண்ணை தன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். விரல் இடுக்கால் இரத்தம் வழிந்தது. "அப்ப அவர் சாகப் போகேல்லை" என்றார். "அந்தாள் தப்ப ஓடினவர். நான்தான்..." ஊளையிட்டார். வேறு சொல் இல்லை, ஊளைதான்.

அந்தச் சத்தத்துக்குத்தான் காட்டு அதிகாரி வந்தார். இளம் பெண், கழுத்தில் ட்ரோனை இயக்குகிற பெட்டி தொங்குகிறது. உடற்சூட்டை வைத்து மரை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார், நடுவில் நாங்கள் இருவரும் தெரிந்திருக்கிறோம். வந்த வேகத்தில் ஏசினார். குளிர்காலத்தில் மரையைக் கலைத்தால் உடம்பில் உள்ள கொழுப்பை ஓடியே தீர்த்துவிடும், பனி உருக முன் செத்துவிடும், இதுகூடத் தெரியாதவர்களுக்கா குத்தகை என்றார். நியாயம்தானே, என்னத்தைச் சொல்ல. பிறகுதான் தேவன் அண்ணையின் முகத்தைப் பார்த்தார், கழுத்தில் கத்தி கீறின கோட்டையும் பார்த்தார். போலீசைக் கூப்பிடவா என்று அவரிடம் மட்டும் மெல்லக் கேட்டார்.

"விழுந்திட்டன்" என்று தேவன் அண்ணை ஜெர்மனில் சொன்னார். "முதல் மரத்திலை, பிறகு கல்லிலை."

அந்தப் பெண் நம்பவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது. காடு நமக்குக் கிடைக்காது, பெடியளுக்கு இன்னும் சொல்லவில்லை.

பேர்லினுக்குத் திரும்பினோம். நொய்கெல்னில் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். கதவைச் சாத்த முன் குனிந்து சொன்னார்: "செவ்வாய்க்கிழமை வக்கீலை வாயை மூடச் சொல்லுறன். நான் ஆளைப் பாக்காமல் சுட்டனான், அது பிழை. அதுக்கு என்ன தண்டனையோ எடுக்கிறன். ஆனால் சாகப் போனவர் எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது."

அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்கவேண்டாம். முழுசாகக் காணாத உயிரைச் சுடக் கூடாது, அந்தச் சட்டத்துக்கு வண்டும் தெரியாது வன்னியும் தெரியாது. அதை நான் செவ்வாய்க்கிழமை சொல்லத்தான் போகிறேன். ஆனால் நீ என்று இனிச் சொல்லமாட்டேன்.

அண்ணியிடம் நேராகப் போனேன். கையில் இரத்தம் காய்ந்திருந்தது. குசினிக்குள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டு என்ற சொல்லைச் சொன்னதும் அவர் கை தானாகப் பிள்ளையின் தலையைத் தேடியது. பிள்ளை பள்ளிக்கூட நண்பியின் வீட்டுக்குப் போயிருந்தாள். கை வெறும் காற்றைத் தடவிவிட்டு நின்றது.

"எந்தப் பக்கம் ஓடினவர்?" என்று கேட்டார்.

"பள்ளத்துக்கை அண்ணி. தேவன் அண்ணை நிண்ட பக்கம் இல்லை. பள்ளம் இருந்த பக்கம்."

அண்ணி என்னை முகத்தில் அறைந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும், ஒரு வருடம் அந்த வழக்கறிஞரின் பேச்சைச் சுமக்கவிட்டதற்கு. திரும்பவும் அறைந்தார். பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் தலையை அடித்து அடித்துச் சொன்னார்:

"விசரன். விசர் மனிசன். வண்டு வந்தால் மனிசன் எங்கை நிண்டாலும் பங்கருக்கைதான் ஓடிவரும். பங்கருக்கை நாங்கள் இருப்பம் எண்டு. என்னட்டையும் பிள்ளையிட்டையும் எல்லோ ஓடிவந்திருக்கு. என்னட்டை எல்லோ வந்திருக்கு."

அண்ணா, செவ்வாய்க்கிழமை நான் எழும்பி நிற்பேன். மொழிபெயர்ப்பாளருக்கு வண்டு என்ற சொல்லை மாற்றத் தெரியாது, பூச்சி என்றுதான் சொல்லுவார். நான் கதிரையில் இருக்கமாட்டேன். அந்த நீதிபதிக்கு அது எப்படி இரைந்தது, அதற்குப் பின்னால் என்ன விழுந்தது, ஒரு மனிதன் ஏன் தன் நிறத்தைக் கழற்றுகிறான் என்பதை எல்லாம் விளங்கும்வரைக்கும் சொல்லுவேன், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தமாட்டேன். என் அண்ணா சாகப் போகவில்லை, வீட்டுக்குப் போனவர் என்று எழுதப்பட்ட பிறகுதான் கதிரையில் இருப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

பங்கருக்குள் உங்களுக்குக் கீழே கிடந்து உயிர் தப்பின,
உங்கள் தம்பி
சுதன்